தேயிலைத் தோட்டத்துச் செக்ரோலும் கணக்கைச் சரிபார்க்கும் விதிகளும்

ஓர் இனத்தின் வரலாற்றைக் கல்வெட்டும் செப்பேடும் சொல்லும் என்பர். மலேசியத் தமிழரின் வரலாற்றைச் சொல்லும் கல்வெட்டுகள் மிகச் சில. ஆனால், தோட்டந்தோறும் மாதந்தோறும் எழுதப்பட்ட ஒரு பதிவேடு உண்டு. அதற்குச் செக்ரோல் என்று பெயர். அதில் மன்னர் பெயரும் இல்லை, போர் வெற்றியும் இல்லை. இன்னாருக்கு இம்மாதம் இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி, இவ்வளவு பிடித்தம் என்று கட்டம் கட்டமாக எழுதப்பட்ட கணக்கே அதில் உண்டு. நம் பாட்டனும் பாட்டியும் ஏட்டில் இடம்பெற்றது பெரும்பாலும் அவ்வளவில்தான்.

கட்டங்களில் எழுதப்பட்ட கணக்கு மெய்யானதா என்பதை எவ்வாறு அறிவது? எழுதியவரை நம்புவது ஒரு வழி. எழுதுவதற்கு முன்பே சில விதிகளை வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் அவ்விதிகளின் முன் நிறுத்தி, ஒத்து வருகிறதா முரண்படுகிறதா என்று பார்ப்பது மற்றொரு வழி. இன்றைய புள்ளியியலார் கணிப்பொறியைக் கொண்டு செய்வது இவ்விரண்டாம் வழியையே. இது நேற்று முளைத்த கலை அன்று. தமிழ் மண்ணிலும் மலாயாத் தோட்டங்களிலும் இதற்கு நெடிய வரலாறு உண்டு. அவ்வரலாற்றைக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை நடுவாகக் கொண்டு ஆராய்வதும், விதிகளால் எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்று காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

உத்தரமேரூர் காட்டும் தொடக்கம்

தோட்டத்திற்குள் நுழையும் முன், முன்னோர் வகுத்த விதி ஒன்றை நினைவுகொள்வது பொருந்தும். காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்கள் ஓலையில் எழுதிக் குடத்தில் இடப்பட்டன.

யார் தகுதியுடையோர்? இங்குதான் விதிகள் வருகின்றன. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது முப்பத்தைந்துக்கு மேலும் எழுபதுக்குக் கீழும் இருக்க வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அண்மைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர்.

இவ்விதிகளைக் கூர்ந்து நோக்கினால் அவை பல வகையின என்பது புலனாகும். வயது பற்றிய விதி ஓர் எண்ணின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் குறிப்பது. மூன்றாண்டு விதி இன்றைய ஓலையைப் பழைய ஓலையோடு ஒப்பிடுவது. உறவினர் விதியோ ஒருவர் பெயரை மற்றொருவர் பெயரோடு இணைத்துப் பார்ப்பது. அன்றியும், விதிகள் ஓலை எழுதப்படுவதற்கு முன்பே ஊரறியக் கல்லில் வெட்டப்பட்டன. ஆளைப் பார்த்து விதியை வளைக்க இடமில்லாமற் செய்தது இச்செயல். விதி முந்தியதாகவும் வெளிப்படையானதாகவும் இருக்க வேண்டும் என்னும் இக்கோட்பாட்டை மனத்திற்கொண்டே நாம் பகாங் மலைக்குச் செல்லல் வேண்டும்.

மலைக்குத் தேயிலை வந்த வரலாறு

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் பகாங்கின் மேற்கெல்லையில் இருந்த உயர்நிலத்தைக் கண்டு குறிப்பெழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆயினும் நாற்பதாண்டுகள் கழிந்தே அங்கே குடியேற்ற முயற்சி உருப்பெற்றது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் மலைக்குச் சென்று பார்த்தபின், தானா ராத்தாவில் வேளாண்மை ஆய்வு நிலையம் அமைந்தது. தாப்பாவிலிருந்து மலையேறும் பாதை 1930களின் தொடக்கத்தில் நிறைவுற்றது.

ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் 1929இல் போ தோட்டத்தை நிறுவினார். இலங்கையில் தேயிலைப் பயிரில் பழகிய ஏ. பி. மில்ன் என்பவர் அவருக்குத் துணை நின்றார். 1933இல் ஷுபர்ஷாத் பன்சால் அகர்வால் பாரத் தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். உலகம் பொருளாதார வீழ்ச்சியில் தத்தளித்த காலத்தில்தான் இம்மலைச் சரிவுகள் திருத்தப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது. காடு வெட்டியவரும், சரிவில் கன்று நட்டவரும், கொழுந்து கிள்ளியவரும் பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்களே. கேமரன் மலையின் பசுமையைப் படம் பிடிப்போர் பலர். அப்பசுமைக்கு அடியில் இருந்த பதிவேட்டைப் புரட்டுவோர் சிலரே.

செக்ரோலின் அமைப்பு

விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவர். பெயர் கூப்பிடப்படும். வந்தவருக்கு அன்றைய கட்டத்தில் குறி விழும். செக்ரோலில் இடமிருந்து வலமாக ஒருவருக்கு ஒரு வரி. மேலிருந்து கீழாக ஒரு நாளுக்கு ஒரு பத்தி. மாத இறுதியில் கிராணி ஒவ்வொரு வரியையும் கூட்டி, இன்னாருக்கு எத்தனை நாள் என்று வலக்கோடியில் எழுதுவார். ஒவ்வொரு பத்தியையும் கூட்டி, அந்நாளில் எத்தனை ஆள் என்று அடியில் எழுதுவார். பின்னர் வலக்கோடித் தொகைகளைக் கீழ்நோக்கிக் கூட்டுவார். அடியிலுள்ள தொகைகளைக் குறுக்கே கூட்டுவார். இரண்டும் ஒரே எண்ணாக வருதல் வேண்டும். வராவிடில் எங்கோ ஒரு கூட்டல் தவறியது என்பது உறுதி. எளிய விதியேயாயினும் ஆற்றல் மிக்க விதி இது. தவறு செய்தவரை அறியாமலே தவறு நேர்ந்ததை அறிவிக்கும் திறம் அதற்கு உண்டு.

தேயிலைக்கு இன்னொரு கணக்கும் சேரும். கிள்ளிய கொழுந்து வயலோரத்தில் நிறுக்கப்பட்டு, ஒவ்வொருவர் பெயருக்கு நேரே எழுதப்படும். அத்தனை பேரின் நிறையும் கூடினால், ஆலைக்குச் சென்ற பச்சை இலையின் நிறைக்கு ஒத்து வர வேண்டும். ஆலையில் இலை வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, உலர்த்தப்படுகையில் நீர் வற்றும். ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். ஆகவே, தூளின் நிறையைக் கொண்டு இலையின் நிறையையும், இலையின் நிறையைக் கொண்டு கொழுந்து கிள்ளியோர் கணக்கையும் சரிபார்க்கலாம். களம், ஆலை, கிடங்கு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று சான்றாக நிற்கும் அமைப்பு இது.

கணக்கு நேர், கூலி நேரா?

இங்கு ஒரு வினா எழுகிறது. இவ்விதிகள் எவரைக் காத்தன? ஆலைக்கு வராத இலைக்குக் கூலி கொடுக்கப்படாதபடி அவை தோட்டத்தைக் காத்தன. ஆனால், கூடையின் எடைக்கென்றும் மழை ஈரத்திற்கென்றும் நிறுவையில் கழிக்கப்பட்ட அளவு மிகுதியா, தகுதியா என்பதைக் கேட்கும் விதி அக்கட்டங்களில் இல்லை. மழை மிகுந்த மலையில் ஈரக்கழிவு சிறு செய்தி அன்று. கழித்த பின்னரே எண் எழுதப்பட்டமையால், எழுதப்பட்ட எண்கள் யாவும் தம்முள் ஒத்து நின்றன. அட்டவணை குற்றமற்றதாய் இருக்க, அதில் எழுதப்படாத இலை காற்றோடு போயிற்று.

கூலி வீதமும் அவ்வாறே. இந்தியத் தொழிலாளருக்கு 1920களின் இறுதியில் மலாயாவின் முதன்மையான தோட்டப் பகுதிகளில் நிலையான கூலியாக ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் வகுக்கப்பட்டன. வீழ்ச்சிக் காலத்தில், 1930இல், அவை 40 காசாகவும் 32 காசாகவும் குறைக்கப்பட்டன. நாள்களை வீதத்தால் பெருக்கினால் கூலி வரும் என்னும் விதி ஆண் பெண் இருவர் வரியிலும் பிழையின்றி நிறைவேறியது. பிழை பெருக்கலில் இல்லை, வீதத்தில் இருந்தது. கொடுத்த வீதத்திற்குக் கணக்கு பொருந்துகிறதா என்று பார்ப்பது சரிபார்ப்பு. அவ்வீதம் அறமானதா என்று கேட்பது வேறொரு கடமை. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டால், ஒழுங்காக எழுதப்பட்ட அநீதி நமக்கு நீதியாகவே தோன்றும்.

பதிவேட்டை வெளியாரும் பார்க்கும் நிலையைச் சட்டம் உருவாக்கியது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிற்சட்டத் தொகுப்பு, தொழிலிலாகா அதிகாரிகளின் மேற்பார்வைக்குத் தோட்டங்களை உட்படுத்தியது. அச்சட்டத்திலேயே பள்ளி பற்றிய ஒரு விதியும் இருந்தது. ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒரே இனத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின், பள்ளி நடத்துமாறு தோட்டத்திற்கு ஆணையிட இடமிருந்தது. தமிழாசிரியர்கள் இவ்விதியை ஊன்றி நோக்க வேண்டும். ஒரு கட்டத்தில் ஒன்பது என்றிருந்தால் பள்ளி இல்லை. பத்து என்றிருந்தால் பள்ளி உண்டு. எண்ணைச் சரியாக எண்ணுவதில் எத்தனை பிள்ளைகளின் எழுத்து அடங்கியிருந்தது! பின்னர் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், தொழிலாளர் பற்றிய பதிவேடுகளை வைத்திருப்பதை முதலாளியின் கடமையாகவே ஆக்கியது.

மக்கட்கணக்கில் வெளிப்பட்ட இழப்பு

தோட்டத்தின் அட்டவணை சிறியது. நாட்டின் அட்டவணை பெரியது. மலாயாவில் 1931 ஏப்ரல் 1ஆம் நாள் எடுக்கப்பட்ட மக்கட்கணக்கு, சிங்கப்பூரையும் உள்ளடக்கி, இந்தியர் ஏறத்தாழ 6 இலட்சத்து 20 ஆயிரம் பேர் எனக் காட்டியது. அடுத்த கணக்கு 1947 செப்டம்பர் 23ஆம் நாள் எடுக்கப்பட்டது. அப்போது இந்தியர் தொகை ஏறத்தாழ 6 இலட்சம்.

மக்கட்கணக்கைச் சரிபார்க்க ஒரு பழைய விதி உண்டு. முந்தைய தொகையோடு பிறந்தோரையும் வந்தோரையும் கூட்டி, இறந்தோரையும் சென்றோரையும் கழித்தால், பிந்தைய தொகை வர வேண்டும். பதினாறு ஆண்டுகளில் குழந்தைகள் பிறந்திருக்க, தொகை ஏன் குறைந்தது? வீழ்ச்சிக் காலத்தில் பெருந்தொகையினர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டமை ஒரு காரணம். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் வருகையைத் தடுத்தமை இன்னொன்று. மூன்றாவது காரணமே நெஞ்சை உலுக்குவது. ஜப்பானியர் ஆட்சியில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். அவர்களுள் மடிந்தோரின் முழுமையான பெயர்ப் பட்டியல் எதுவும் எழுதப்படவில்லை. எழுதப்படாதவரின் சாவை, எழுதப்பட்டவரின் தொகையில் நேர்ந்த குறைவே உணர்த்துகிறது. விதி நிறைவேறாத இடம் கிராணியின் பிழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அது ஒரு சமுதாயத்தின் இழவாகவும் இருக்கலாம். ஆகவே, முரண்பட்ட எண்ணைக் கண்டவுடன் அதனைத் திருத்தி மறைத்துவிடுதல் தகாது. ஏன் முரண்பட்டது என்று கேட்டலே முறை.

வயதுக் கணக்கிலும் இத்தகைய செய்தி ஒன்று உண்டு. பிறந்த நாள் அறியாதோர் வயதைச் சொல்லுகையில் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது என்று சுழியிலோ ஐந்திலோ முடிப்பது இயல்பு. சீனர் பன்னிரு விலங்குகளின் பெயரால் ஆண்டுகளை வழங்கியமையால், அவர்கள் கூறிய வயது பெரும்பாலும் நேராக இருந்தது. மதிப்பாகச் சொன்ன வயதுகள் எவ்வளவு என்று அளக்க விப்பிள் குறியெண் என்னும் அளவுகோலை மக்கட்தொகை அறிஞர் கையாளுகின்றனர். 23 முதல் 62 வரையுள்ள வயதுகளை எடுத்துக்கொண்டு கணக்கிடும்போது, குறியெண் 100 ஆனால் குவிதல் இல்லை. 500 ஆனால் எல்லா வயதும் ஐந்திலும் சுழியிலுமே முடிந்தன என்பது பொருள். ஒவ்வொரு வயதும் தனித்து நோக்கின் நம்பத்தக்கதே. மொத்தமாக நோக்குங்கால்தான் ஐயம் எழுகிறது.

துளையட்டையும் கணிப்பொறியும்

எழுதுகோலை விடுத்து இயந்திரத்தைக் கைக்கொண்டபின் பிழைகள் ஒழிந்தனவா? அமெரிக்காவின் 1950ஆம் ஆண்டு மக்கட்கணக்கு இதற்கு நல்ல விடை. அதன் அட்டவணையில் மனைவியை இழந்த 14 வயதுச் சிறுவர் 1,670 பேர் இருந்தனர். 15 வயதில் 1,475 பேர். 16 வயதில் 1,175 பேர். வயது ஏற ஏற மனைவியை இழந்தோர் தொகை கூடுவதே இயற்கை. இங்கோ குறைந்தது! 10 முதல் 14 வயதுடைய செவ்விந்தியச் சிறுவர் தொகையும் அளவுக்கு மிஞ்சி இருந்தது. 1962இல் ஆன்ஸ்லி கோல், ஃபிரெடரிக் ஸ்டீபன் ஆகிய இருவரும் காரணத்தைத் துப்பறிந்தனர். துளையட்டைகளுள் மிகச் சிலவற்றில் துளை ஒரு பத்தி தள்ளி விழுந்திருந்தது. ஒரு பத்திக்குரிய செய்தி மறுபத்திக்குரியதாகப் படிக்கப்பட்டது. விரைவாகச் செய்யும் இயந்திரம் பிழையையும் விரைவாகவே செய்யும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தியது.

கனடாப் புள்ளியியல் துறையைச் சேர்ந்த ஐவன் ஃபெலெகியும் டி. ஹோல்ட்டும் 1976இல் இத்துறைக்கு ஓர் ஒழுங்கை அளித்தனர். விதிகளைத் தனியே வகுத்து, ஒவ்வொரு பதிவையும் அவற்றோடு ஒப்பிட வேண்டும். முரண்பாடு காணின், எல்லா விதிகளும் நிறைவேறும் வகையில் மிகக் குறைந்த கட்டங்களையே மாற்ற வேண்டும். எழுதியவர் சொல்லை இயன்றவரை மதித்து, தேவையான அளவே தொடுதல் என்பது இதன் உட்பொருள். பழைய ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் நம் புலவர் போற்றிய நெறியும் இதுவேயன்றோ!

அதே 1976இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்சும் அவர் துணைவரும் ‘எஸ்’ என்னும் புள்ளியியல் மொழியைத் தொடங்கினர். அதன் வழித்தோன்றலாக 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் ‘ஆர்’ மொழியை உருவாக்கினர். அம்மொழியில் விதிகளின்படி அட்டவணையைச் சரிபார்ப்பதற்கென்றே ‘வேலிடேட்’ என்னும் தொகுப்பை நெதர்லாந்துப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் வான் டெர் லோவும் எட்வின் டி யோங்கும் எழுதியளித்துள்ளனர்.

இதன் செயல்முறையைச் செக்ரோலைக் கொண்டே விளக்கலாம். முதலில் விதிகளைத் தனித்தாளில் எழுதுவது போல எழுதிக்கொள்கிறோம். வேலை நாள் சுழிக்குக் குறையாமலும் அம்மாதத்து நாள்களுக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. கூலி, நாளை வீதத்தால் பெருக்கியதற்குச் சமமாதல் வேண்டும் என்பது இரண்டாம் விதி. ஒருவர் பெயர் ஒரே மாதத்தில் இரு வரிகளில் வருதல் கூடாது என்பது மூன்றாம் விதி. முதலாவது ஒரு கட்டத்தைப் பற்றியது. அடுத்தது ஒரு வரியின் பல கட்டங்களைப் பற்றியது. இறுதியானது பல வரிகளைப் பற்றியது. இவ்வாறு எழுதிய விதித்தொகுப்பை அட்டவணையோடு எதிர்ப்படுத்தினால், கணிப்பொறி ஒவ்வொரு விதிக்கும் விடையளிக்கும். மீறவே கூடாத விதியும் உண்டு. ஐயத்தை மட்டும் எழுப்பும் விதியும் உண்டு. மாதத்தில் 32 நாள் வேலை என்பது முடியாத செய்தி. 95 வயதில் ஒருவர் கொழுந்து கிள்ளினார் என்பது விசாரிக்க வேண்டிய செய்தி.

வெற்றுக் கட்டம்

கணிப்பொறி அளிக்கும் விடைகள் இரண்டல்ல, மூன்று. விதிக்குப் பொருந்துகிறது என்பது ஒன்று. பொருந்தவில்லை என்பது மற்றொன்று. கட்டம் வெறுமையாக இருப்பதால் சொல்ல இயலாது என்பது மூன்றாவது. நம் சமுதாயத்திற்கு மிகவும் வேண்டியது இம்மூன்றாம் விடையே என்பேன்.

தோட்டத்து லயத்தில் மருத்துவச்சியின் கையில் பிறந்த குழந்தைகள் பலவற்றுக்குப் பிறப்புப் பதிவு நிகழவில்லை. பதிந்தபோதும் தந்தை பெயர் ஓரிடத்தில் ஒருவிதமாகவும் வேறிடத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டது. 1957இல் நாடு விடுதலை பெற்றபின், குடியுரிமைக்குச் சான்று கேட்கப்பட்டது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை பெறாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. அதையொட்டிய காலத்தில் ஏறத்தாழ 60 ஆயிரம் இந்தியத் தொழிலாளர் இந்நாட்டை விட்டுச் சென்றனர். பிறந்த இடம் என்னும் கட்டம் வெறுமையாக இருந்தால், அவர் இங்குப் பிறக்கவில்லை என்று பொருளாகாது. ஆனால், வெறுமையை ‘இல்லை’ என்று படித்த ஒவ்வொரு மேசையிலும் ஒரு குடும்பத்தின் வேர் அறுந்தது.

கணிப்பொறி விதி எழுதும் மாணவருக்கு இது வெறும் இலக்கணமாகத் தோன்றலாம். சுழி வேறு, வெறுமை வேறு. வேலைக்கு வரவில்லை என்பது சுழி. வந்தாரா என்று எழுதப்படவில்லை என்பது வெறுமை. முன்னதற்குக் கூலி இல்லை. பின்னதற்கு விசாரணை வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது வெற்றுக் கட்டங்களையெல்லாம் சுழியால் நிரப்புவோர், கணக்கை விரைவாக முடிப்பர். மனிதரை அட்டவணையிலிருந்து நீக்கிவிடுவர்.

நாம் செய்யத்தக்கது

கேமரன் மலைத் தோட்டங்களில் இன்று கொழுந்தெடுப்போருள் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் மிகுதி. கையால் கிள்ளிய இடத்தில் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆயினும் நாள், நிறை, கூலி, பிடித்தம் என்னும் பத்திகள் மாறவில்லை. தமிழருக்கு அன்று நேர்ந்தது, மொழி அறியாத புதியவருக்கு இன்று நேராதிருக்க வேண்டும் என்று கருதுவதும் நம் வரலாறு நமக்குக் கற்பித்த கடமையே.

தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு ஒரு சிறு முயற்சி செய்யலாம். தாத்தா பாட்டியின் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த தோட்டம், வேலைக்குச் சேர்ந்த ஆண்டு, பள்ளியில் பயின்ற ஆண்டு ஆகியவற்றை அட்டவணையாக எழுதச் செய்க. பிறந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்த ஆண்டுக்கு முந்தியதா, பெற்றோர் வயது பிள்ளை வயதினும் மிகுந்ததா என்பன போன்ற விதிகளை மாணவரே முன்கூட்டி வகுக்கட்டும். முரண்படும் வரிகளை அழிக்காமல் குறித்து வைக்கட்டும். வெற்றுக் கட்டங்களை ஊகத்தால் நிரப்பாமல், முதியோரிடம் சென்று கேட்டு நிரப்பட்டும். கணிதமும் வரலாறும் தமிழும் ஒருங்கே பயிலும் வாய்ப்பு அது.

வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் மக்களுக்கு இரு கண்களாகக் கூறினார். தோட்டத்துச் செக்ரோலில் அவ்விரண்டும் ஒரே கட்டத்தில் சேர்ந்திருந்தன. எழுத்து நம் பெயர். எண் நம் உழைப்பு. விதிகளைக் கொண்டு எண்ணைச் சரிபார்ப்போம். அவ்விதிகளை வகுக்கும்போதே எழுத்துக்குரிய மனிதரையும் மனத்தில் வைப்போம். அப்போதுதான் அட்டவணை வரலாறாகும்.